தனி ஆல்பம் என்றால் எது தனி? டயானா ராஸின் 1970 இசைத்தட்டு சொல்லும் கணக்கு

1969 டிசம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பாட்டு ‘சம்டே வீல் பி டுகெதர்’. தட்டில் அச்சாகியிருந்த பெயர் ‘டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்’. ஆனால் பாடகி டயானா ராஸ் முன்னணியில் நின்ற சுப்ரீம்ஸ் என்ற மூவர் பெண்கள் குழுவின் மற்ற இருவரான மேரி வில்சனும் சிண்டி பேர்ட்சாங்கும் அந்தப் பதிவில் ஒரு வரிகூடப் பாடவில்லை. பின்னால் ஒலிப்பவை மேக்ஸின், ஜூலியா வாட்டர்ஸ் சகோதரிகளின் குரல்கள். இடையிடையே கேட்கும் ஆண் குரல் தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டலுடையது. ராஸை உற்சாகப்படுத்த அவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் டேப்பில் ஏறிவிட்டன. கேட்க நன்றாக இருக்கவே அப்படியே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பாட்டு ராஸின் முதல் தனிப்பாட்டாக வெளிவந்திருக்க வேண்டியது. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டிதான், இது குழுவின் விடைபெறும் பாட்டாக இருக்கட்டும் என்று மாற்றினார். டேப் அதேதான், குரலும் அதேதான். தனிப்பாட்டா, குழுப்பாட்டா என்பதைத் தட்டில் ஒட்டிய காகிதம் முடிவு செய்தது.

பெண்கள் குழு ஒன்றிலிருந்து ஒரு பாடகி வெளியே வந்து தனி ஆல்பம் போடுகிறார் என்று செய்தி வரும்போதெல்லாம் ரசிகர்களிடம் அதே கேள்விகள் எழுகின்றன. குழு கலைந்துவிட்டதா? பழைய பாட்டுகளை ஏன் மறுபடி பாடுகிறார்? சோல் ஆல்பம் என்கிறார்களே, கேட்டால் பாப் மாதிரி இருக்கிறதே? மற்றவர்களால் ஏன் இதேபோல் ஜெயிக்க முடியவில்லை? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 1970 ஜூனில் வெளியான ‘டயானா ராஸ்’ என்ற ஆல்பத்தில் பதில் இருக்கிறது. தனி ஆல்பம் முதலில் ஓர் ஒப்பந்த ஏற்பாடு. இசை விஷயம் ஆவது அப்புறம்தான். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிச்சுகள் தானாக அவிழும்.

குழு எப்படி உருவானது, எங்கே உடைந்தது

டெட்ராய்ட் நகரத்தின் பிரூஸ்டர் அரசுக் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவிகள் 1959-ல் ‘பிரைமெட்ஸ்’ என்ற பெயரில் பாடத் தொடங்கினார்கள். 1961 ஜனவரியில் மோட்டவுன் அவர்களை ஒப்பந்தம் செய்தது. புதிய பெயர் வேண்டும் என்றதும் ஒரு பட்டியலிலிருந்து ‘சுப்ரீம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தவர் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று வருடம் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. ‘ஹிட்டே இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று நிறுவனத்துக்குள்ளேயே கேலி இருந்தது. 1964-ல் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ முதலிடத்துக்குப் போனது. அதைத் தொடர்ந்து வரிசையாக இன்னும் நான்கு. 1969 முடிவதற்குள் மொத்தம் 12 பாட்டுகள் முதலிடம். இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதித் தயாரித்தவர்கள் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி.

1967-ல் மூன்று விஷயங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. குழுவின் பெயருக்கு முன்னால் டயானா ராஸின் பெயர் ஏறியது. பல்லார்ட் வெளியேற்றப்பட்டு, பேட்டி லபெல்லின் குழுவிலிருந்து சிண்டி பேர்ட்சாங் வந்தார். ஹாலண்ட் கூட்டணி ராயல்டித் தகராறில் வேலையை நிறுத்தியது. அடுத்த வருடம் வந்த ‘லவ் சைல்ட்’ பாட்டில் பின்குரல் பாடியவர்கள் ‘ஆண்டாண்டிஸ்’ என்ற மோட்டவுனின் சம்பளக் கோரஸ் பாடகியர். அதாவது குழு பிரிகிறது என்று அறிவிப்பதற்கு ஒரு வருடம் முன்பே, ஒலிப்பதிவு அறைக்குள் ராஸ் தனிப் பாடகியாகத்தான் இருந்தார். மேடையில் மட்டும்தான் மூவர்.

கடைசி நிகழ்ச்சி 1970 ஜனவரி 14 அன்று லாஸ் வேகாஸின் ஃபிரான்டியர் ஹோட்டலில் நடந்தது. அதே மேடையில் ராஸின் இடத்துக்கு வரும் ஜீன் டெரலை அறிமுகப்படுத்தினார்கள். குழு கலையவில்லை. ஒரு குழுவாக இருந்தது இரண்டு வியாபாரமாக ஆனது, அவ்வளவுதான்.

ஒருவர் வெளியே வரும்போது எவை எவை பிரிகின்றன?

ரசிகர்கள் பிரிவைப் பார்ப்பது சண்டை, பொறாமை, காதல் என்ற கோணத்தில். அவையும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆல்பம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு நான்கு.

1. குரல். இது மட்டும்தான் பாடகியின் சொத்து. அதையும் அவர் இஷ்டப்படி எங்கும் கொண்டுபோக முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு நிறுவனத்துக்குப் பாடக்கூடாது. குழு ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு விலகல் விதி இருக்கும்: உறுப்பினர் யாராவது தனியாகப் போனால், அவருடைய தனிப்பாடல்களை வெளியிடும் முதல் உரிமை அதே நிறுவனத்துக்குத்தான். சில ஒப்பந்தங்களில் குழு கழிக்காமல் வைத்திருக்கும் முன்பணக் கடனும் தனிக்கணக்கின் தலையில் ஏறும்.

2. பெயர். மோட்டவுனில் குழுக்களின் பெயர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1970-களின் நடுவில் ஜாக்சன் சகோதரர்கள் வேறு நிறுவனத்துக்குப் போனபோது ‘ஜாக்சன் 5’ என்ற பெயரை மோட்டவுன் விடவில்லை. அவர்கள் ‘த ஜாக்சன்ஸ்’ ஆனார்கள். சொந்தக் குடும்பப் பெயரிலேயே இந்த நிலைமை.

3. மாஸ்டர். பாட்டின் மூல ஒலிப்பதிவு. ஸ்டூடியோ செலவைச் செய்த நிறுவனத்திடம் இது இருக்கும். பாடியவருக்குக் கிடைப்பது விற்பனையில் ஒரு சதவீதம். அதுவும் செலவுகள் கழிந்த பிறகு.

4. பாட்டு. வரியும் மெட்டும் பாடலாசிரியர்களுக்கும் அவர்களின் பதிப்பு நிறுவனத்துக்கும் உரியவை. யார் பாடினாலும் இந்தப் பணம் தனியாக வரும்.

குரலும் பெயரும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு 1962-ல் ஒரு வேடிக்கையான, யோசித்தால் கொடுமையான, உதாரணம் உண்டு. ‘ஹீஸ் எ ரெபல்’ பாட்டு ‘கிரிஸ்டல்ஸ்’ என்ற பெண்கள் குழுவின் பெயரில் முதலிடத்துக்கு வந்தது. பாடியது டார்லின் லவ்வும் அவருடைய ‘பிளாசம்ஸ்’ குழுவும். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் கிரிஸ்டல்ஸ் என்ற பெயர் இருந்தது. அவசரத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கையருகே இருந்த குரல் டார்லின் லவ்வுடையது. அவ்வளவுதான் காரணம்.

ராஸின் நிலை இதற்கு நேர் எதிர். அவருடைய பெயர் 1967-லேயே குழுவின் பெயரிலிருந்து தனியாக எடுக்கக்கூடியதாக ஆகிவிட்டது. 1969 டிசம்பரில் வெளியான ஜாக்சன் 5-இன் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பே ‘டயானா ராஸ் பிரசெண்ட்ஸ் த ஜாக்சன் 5’. தனி ஆல்பம் ஒன்றுகூட வெளிவராத பாடகியின் பெயர் இன்னொரு குழுவை விற்க ஏற்கனவே பயன்பட்டுவிட்டது. பிரிவு திடீரென்று நடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய பாட்டுகளை ஏன் மறுபடி பாடினார்?

‘டயானா ராஸ்’ ஆல்பத்தில் 11 பாட்டுகள். அவற்றில் 10 பாட்டுகளைத் தயாரித்தவர்கள் நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்ட், வேலரி சிம்ப்சன் என்ற பாடலாசிரியர் இணை. ஒன்று மட்டும் பிரிஸ்டலுடையது. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ‘எய்ண்ட் நோ மௌண்டன் ஹை இனஃப்’, ‘யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை’ இரண்டும் மோட்டவுன் பாடகர்களான மார்வின் கேயும் டாமி டெரலும் 1967, 1968-ல் பாடியவை. ‘கீப் ஆன் ஐ’ சுப்ரீம்ஸின் சொந்தத் தட்டிலேயே இருந்தது. ‘தீஸ் திங்ஸ் வில் கீப் மீ லவிங் யூ’ வெல்வலெட்ஸ் என்ற மோட்டவுன் குழு பாடியது. புதிய வாழ்க்கையைத் தொடங்கும் பாடகிக்குக் கணிசமான அளவு பழைய சரக்கு.

சோம்பேறித்தனம் என்று தோன்றும். கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மோட்டவுனின் பாடலாசிரியர்கள் எழுதிய பாட்டுகளின் பதிப்புரிமை ‘ஜோபெட்’ என்ற நிறுவனத்திடம் இருந்தது, அதுவும் கோர்டியுடையதே. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் பதிப்புரிமைத் தொகை. 1909-ல் வைத்த இந்த விகிதம் 1978 வரை மாறவில்லை. 11 பாட்டுக்கு 22 சென்ட். வெளியார் பாட்டை எடுத்தால் அந்தப் பணம் வெளியே போகும். வீட்டுப் பாட்டை எடுத்தால் வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஒரே பாட்டை நான்கு பேர் பாடினால் அதே பாட்டு நான்கு முறை சம்பாதிக்கும். மோட்டவுனின் எல்லாக் கலைஞர்களும் ஒருவர் பாட்டை மற்றவர் பாடியதன் பின்னணி இதுதான்.

வெளியார் பாட்டும் முயன்று பார்க்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் போன்ஸ் ஹோவுடன் ராஸ் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். லாரா நைரோ எழுதிய ‘ஸ்டோனி எண்ட்’ அவற்றில் ஒன்று. அவை அலமாரிக்குப் போயின. பிற்காலத்து மறுவெளியீட்டில்தான் அது வெளியே வந்தது.

ஆனால் பணக் கணக்கு பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இந்த இணைக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி தேவாலயம் ஒன்றில் சந்தித்தவர்கள். 1966-ல் மோட்டவுனுக்கு வந்தார்கள். இந்த ஆல்பம் வரை அவர்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பாட்டு வேலைகள்தான் கிடைத்தன. ஒரு முழு ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் ஏற்கனவே ஹிட் ஆன தங்கள் பாட்டையே பிரித்துப் போட்டு வேறு மாதிரிக் கட்ட முடியும் என்று காட்ட நினைத்தார்கள். காட்டியும் விட்டார்கள்.

சோல் என்று எதைச் சொல்கிறோம்?

இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பாடும் முறை. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் கோஸ்பல் பாடலிலிருந்து வந்தது. ஒருவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் பதில் சொல்லும். ஓர் எழுத்தைப் பல சுரங்களுக்கு இழுப்பார்கள். மெல்லத் தொடங்கி, கட்டுக்கடங்காத நிலைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். கடவுளைப் பற்றிய இடத்தில் காதலை வைத்தால் சோல் பாட்டு. 1967-ல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் இதை அதன் உச்சத்தில் செய்துகாட்டினார்.

இரண்டாவது, கடையில் தட்டு வைக்கும் அலமாரியின் பெயர். பில்போர்ட் பத்திரிகை 1969 ஆகஸ்டில் தன் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ பட்டியலுக்கு ‘சோல்’ என்று பெயர் மாற்றியது. கறுப்பின மக்கள் வாங்கும் இசை எதுவானாலும் அந்தப் பட்டியலில் ஏறும். ராஸின் ஆல்பம் அந்தப் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் 19-ஆவது இடம். ஆக, அலமாரிக் கணக்கில் சந்தேகமே இல்லாமல் இது சோல்.

பாடும் முறைக் கணக்கில்? இதில் விவாதம் உண்டு. ராஸின் குரல் மெல்லியது, காற்றோட்டமானது, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி. அரீதா போல வானத்தைப் பிளக்கிற குரல் கிடையாது. அதனாலேயே அவரை ‘பாப் பாடகி’ என்று ஒதுக்குபவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. காரணம், தயாரிப்பாளர்கள் அந்தக் குரலிடம் இல்லாததைக் கேட்கவில்லை. தேவாலயத்தில் கூட்டத்தின் வேலையைக் கோரஸிடம் கொடுத்தார்கள். போதகரின் வேலையை ராஸிடம் கொடுத்தார்கள். போதகர் முதலில் பேசத்தானே செய்வார்?

‘எய்ண்ட் நோ மௌண்டன்’: ஆறு நிமிடம்

1967-இன் மார்வின் கே, டாமி டெரல் பதிவைக் கேட்டால் முதல் நிமிடத்துக்குள்ளேயே தலைப்பு வரி வந்துவிடும். இரண்டரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். இரண்டு காதலர்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும் துள்ளலான பாட்டு.

ராஸின் பதிவு ஆறு நிமிடத்துக்கு மேல். வார்த்தை இல்லாத கோரஸும் வயலின்களும் மெல்ல எழுகின்றன. ராஸ் பாடவில்லை, பேசுகிறார். தொலைபேசியில் யாரையோ ஆறுதல்படுத்துகிற தொனி. பின்னால் கோரஸ் தலைப்பு வரியைத் துண்டு துண்டாக நீட்டிவிட்டுப் பின்வாங்குகிறது. மறுபடி பேச்சு. தாளம் ஒரு படி ஏறுகிறது, மறுபடி அடங்குகிறது. நான்கு நிமிடம் தாண்டிய பிறகுதான், இனி தாங்காது என்ற இடத்தில், தலைப்பு வரி முழுதாக வெடிக்கிறது. அங்கே முன்னால் நிற்பது கோரஸ். ராஸ் அதற்கு மேலே, இடையே, கத்தலும் பாட்டுமாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். இசைக்கோப்பு பால் ரைசருடையது. கோரஸில் ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் தாங்களே நின்று பாடினார்கள்.

இந்த ஆல்பத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயமும் இதுதான். ராஸ் இருந்தபோது சுப்ரீம்ஸ் பெயரில் வந்த கடைசி ஹிட்டில் அவர் குரல் முன்னால், மற்றவை தூரத்தில். தனி ஆல்பத்தின் மிகப்பெரிய ஹிட்டில் கூட்டம்தான் பாட்டின் உச்சியைப் பாடுகிறது. குழுவின் தட்டு தனியாக ஒலித்தது. தனித் தட்டு குழுவாக ஒலிக்கிறது.

பேச்சை வைத்துப் பாட்டைத் தொடங்குவது அப்போது புத்தம் புதிய யோசனை இல்லை. 1969-இல் சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் தன் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ ஆல்பத்தில் ஒரு பாட்டை நீண்ட பேச்சுடன் தொடங்கி 18 நிமிடத்துக்கு மேல் இழுத்தார், அதுவும் நன்றாக விற்றது. சோல் இசையில் மூன்று நிமிடப் பாட்டிலிருந்து நீளமான ஆல்பத்துக்கு மாறும் காலம் அது. மோட்டவுன் இன்னும் பெரும்பாலும் மூன்று நிமிடப் பாட்டையே நம்பிக்கொண்டிருந்தது.

அதனால் கோர்டிக்கு இந்தப் பதிவு பிடிக்கவில்லை. பேச்சு எதற்கு, உச்சத்தை முன்னால் கொண்டுவாருங்கள் என்றார். ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் மறுத்தார்கள். முதலில் சிங்கிளாக, அதாவது தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டுத் தட்டாக, வந்தது ‘ரீச் அவுட் அண்ட் டச்’ என்ற வேறு பாட்டு. ஏப்ரலில் வெளியாகி 20-ஆவது இடத்தோடு நின்றது. அதே வசந்தத்தில் ராஸ் இல்லாத சுப்ரீம்ஸின் ‘அப் த லேடர் டு த ரூஃப்’ 10-ஆவது இடத்துக்குப் போனது. முதல் சுற்றில் வெளியே வந்தவர் தோற்றார், உள்ளே இருந்தவர்கள் ஜெயித்தார்கள்.

பாட்டைக் காப்பாற்றியது வானொலி. சில நிலையங்களின் டிஸ்க் ஜாக்கிகள் ஆல்பத்திலிருந்த ஆறு நிமிடப் பாட்டைத் தாங்களாகவே வெட்டி ஒலிபரப்பினார்கள். நேயர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். மோட்டவுன் மூன்றரை நிமிடமாகச் சுருக்கி சிங்கிள் வெளியிட்டது. செப்டம்பரில் அது முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் இருந்தது.

அட்டைப்படமும் இந்த மாற்றத்தைப் பேசுகிறது. சுப்ரீம்ஸ் என்றால் ஜிகினா கவுன், உயரமான விக், முழங்கை வரை கையுறை. ஹாரி லாங்டன் எடுத்த இந்த ஆல்பத்தின் படத்தில் ராஸ் குட்டையான முடியும் டி-சர்ட்டும் வெட்டிய கால்சட்டையுமாக, தெருவில் விளையாடும் பிள்ளை மாதிரி இருக்கிறார்.

மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

திறமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மூன்று பேரைப் பார்ப்போம்.

1. ஃபுளோரன்ஸ் பல்லார்ட். குழுவில் மிகப் பெரிய குரல் இவருடையது என்று பலர் சொல்வார்கள். 1968-ல் மோட்டவுனுடன் கணக்கைத் தீர்த்து ஏபிசி இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். தீர்வு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: விளம்பரத்தில் தன்னை முன்னாள் சுப்ரீம் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. பெயரைத் தேர்ந்தெடுத்தவருக்கே அந்தப் பெயர் கிடையாது. கடைக்காரரிடமும் வானொலியிலும் ‘யார் இவர்?’ என்ற கேள்விக்குச் சொல்லக்கூடிய ஒரே பதிலை ஒப்பந்தம் பூட்டிவிட்டது. இரண்டு சிங்கிள்கள் வந்தன, ஓடவில்லை. பதிவான ஆல்பத்தை ஏபிசி வெளியிடவே இல்லை. 1976 பிப்ரவரியில் 32 வயதில் இறந்தார். அந்தப் பாட்டுகள் தொகுப்பாக வெளிவந்தது இந்த நூற்றாண்டில்தான்.

2. பேட்டி லபெல். ‘லேடி மார்மலேட்’ பாட்டால் 1975-ல் முதலிடம் பிடித்த ‘லபெல்’ குழு அடுத்த வருடம் பிரிந்தது. 1977-ல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. குழுவின் பெயரே அவருடைய மேடைப் பெயர் என்பதால் பெயர்ச் சிக்கல் இல்லை. அதிலிருந்த ‘யூ ஆர் மை ஃபிரெண்ட்’ அப்போது பெரிதாக விற்கவில்லை, ஆனால் பின்னால் அவருடைய மேடைகளின் அடையாளப் பாட்டாகவே ஆகிவிட்டது. பெரிய வெற்றிக்கு 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் கையில் இருந்தால் காத்திருக்க முடியும்.

3. மேரி வில்சன். 1979-ல் தனி ஆல்பம். அதே மோட்டவுன்தான் வெளியிட்டது, ஆனால் நிறுவனம் தோள் கொடுக்கவில்லை. வந்தது தெரியாமல் போனது.

ராஸுக்குக் கிடைத்தவை எவை என்று இப்போது தெரிகிறது. குரல் அவருடையது. பெயர் மூன்று வருடம் முன்பே குழுவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தயாராக இருந்தது. மாஸ்டரும் பாட்டும் நிறுவனத்திடம், ஆனால் அந்த நிறுவனம் அவருக்குப் பின்னால் நின்றது. அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1981-ல் 2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆர்சிஏ நிறுவனத்துக்குப் போகும்வரை மோட்டவுன் கூரைக்குக் கீழேதான் இருந்தார்.

பிறகு வந்தவர்கள் என்ன மாற்றினார்கள்?

அமெரிக்காவின் டெஸ்டினிஸ் சைல்ட் என்ற பெண்கள் குழு வேறு வழியில் போனது. குழுவைக் கலைக்காமலே 2002-ல் மிஷெல் வில்லியம்ஸ், கெல்லி ரோலண்ட், 2003-ல் பியான்ஸே என்று வரிசையாகத் தனி ஆல்பங்கள். 2004-ல் மறுபடி சேர்ந்து ஒரு குழு ஆல்பம். மூன்று தனிச்சந்தை, ஒரு பொதுச்சந்தை.

பிரிட்டனின் சுகாபேப்ஸ் என்ற பெண்கள் குழுவின் கதை பெயரைப் பற்றியது. 2009-ல் தொடக்க உறுப்பினர் மூவரில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை, ஆனால் குழு அதே பெயரில் ஓடியது. தொடக்க மூவரும் மறுபடி சேர்ந்தபோது தங்கள் சொந்தப் பெயர்களைக் கோத்து ‘மட்யா கீஷா ஷிவோன்’ என்று பாட வேண்டியிருந்தது. சுகாபேப்ஸ் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது 2019-ல்.

அமெரிக்காவில் இதற்குச் சட்ட வடிவமும் வந்தது. பதிவில் பாடிய ஒருவர்கூட இல்லாத கும்பல் பழைய குழுப் பெயரில் மேடை ஏறுவதைத் தடுக்கும் ‘ட்ரூத் இன் மியூசிக்’ சட்டம் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. அதற்காக ஊர் ஊராகப் போய் வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் மேரி வில்சன்.

கே-பாப் எனப்படும் கொரிய பாப் இசையின் ரசிகர்களுக்கு மிகப் பழக்கமான உதாரணம் பிளாக்பிங்க் என்ற நால்வர் பெண்கள் குழு. 2023 டிசம்பரில் குழு நடவடிக்கைகளுக்கான ஒப்பந்தத்தை ஒய்ஜி நிறுவனத்துடன் புதுப்பித்தார்கள். தனிநபர் நடவடிக்கைகளை அதிலிருந்து பிரித்துவிட்டார்கள். பெயரும் மேடையும் ஓரிடத்தில், தனிக்குரல் நால்வருக்கு நான்கு இடத்தில். நால்வரில் ஒருவரான ரோஸேயின் முதல் முழு ஆல்பம் 2024 டிசம்பரில் வந்தபோது ‘குழு கலைந்ததா’ என்று பதறியவர்கள் இந்தப் பிரிப்பைக் கவனிக்கவில்லை.

புதிய தனி ஆல்பம் எதுவானாலும் நேரடியாகச் சரிபார்க்க ஓர் இடம் உண்டு. தட்டின் பின்னட்டையிலோ, செயலியில் பாட்டு விவரத்தின் கடைசி வரியிலோ, வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு வருடமும் ஒரு பெயரும் இருக்கும். மூல ஒலிப்பதிவின் உரிமையாளர் யார் என்பதைச் சொல்லும் குறி அது. அங்கே பாடகியின் சொந்த நிறுவனம் இருந்தால் மாஸ்டர் அவர் கையில். ‘உரிமம் பெற்று வெளியிடுகிறோம்’ என்று கூடவே பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது குறிப்பிட்ட காலத்துக்குப் பெற்ற அனுமதியாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய குழுவின் நிறுவனமே இருந்தால் விலகல் விதி தன் வேலையைச் செய்திருக்கலாம். ராஸின் 1970 தட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பும் இந்தக் குறியும் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1972 பிப்ரவரியில்.